வயிற்று வலி என்று சொன்னார்கள்

வீடு முழுக்க ஓமத் தண்ணி வாடை அடிக்கிறது. காலையில் அலமாரியைத் துடைக்கும்போது முழங்கை பட்டு பாட்டில் கீழே விழுந்து உடைந்துவிட்டது. சோப்புப் போட்டுத் துடைத்தும் தரையை விட்டு வாடை போகவில்லை. இன்றைக்குப் பார்த்தா உடைய வேண்டும் என்று அதைத் திட்டிக்கொண்டே துடைத்தேன். இன்று உன் நினைவு நாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டேன். யாரோடாவது பேச வேண்டும் போலிருக்கிறது. உன்னோடு பேசித்தான் பழக்கம். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ இருந்திருந்தால் முதல் கேள்வியே, "ஏட்டி, லீவுக்கு என்ன காரணம் சொன்ன?" என்பதாகத்தான் இருக்கும். பிறகு நாம் இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிச் சிரித்திருப்போம்.

நம் மில்லில் லீவு வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் நிற்பது முழுக்கப் பெண்கள், கேட்க வேண்டியது ஒரு ஆம்பளை சூப்பர்வைசரிடம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், வீட்டில் வேறு ஆளில்லையா என்பார். கல்யாணம் என்றால், யாருக்கு யார் என்று வம்சாவளியே கேட்பார். வயித்து வலி என்று சொன்னால் மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "போம்மா, போ" என்று கையை வீசுவார். பெண்கள் சமாச்சாரம் என்று அவராகவே நினைத்துக்கொள்வார். மேற்கொண்டு கேட்க அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் நாம் அத்தனை வருடம் மூச்சு விட்டோம்.

உன் மகள் கோதை பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா என்றால் உனக்கு வயித்து வலி. என் நாத்தனார் பிரசவத்துக்கு எனக்கு வயித்து வலி. புருஷன் அடித்துக் கன்னம் வீங்கி வந்தவளும், விடிய விடிய அழுதுவிட்டு வந்தவளும் அதையேதான் சொன்னார்கள். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் மொத்தமாக அதைச் சொல்லப் போக, அந்த மனுஷனுக்கே பொறுக்கவில்லை. "ஏம்மா, ஆண்டாள் தேர்ல ஏறுனாத்தான் உங்க ஊர்ல எல்லாருக்கும் வயிறு வலிக்குமோ?" என்றார். நீ முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், "ஆமா சார், வருஷா வருஷம் வருது. என்ன கோளாறுன்னே தெரியல" என்றாய். பஞ்சுத் தூசி பறக்கிற அந்த இரைச்சலுக்குள் நாங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

மில் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் உன்னை ஏற்றிக்கொண்டுதான் ராஜபாளையம் வரும். ஜன்னலோர சீட்டில் உன் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாய். யாராவது உட்கார வந்தால், "ஆள் வருது" என்று நீ சொல்கிற தோரணையில் வருவது கலெக்டர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஏறினால் வந்து சேர்வது நான்!

உன் சம்பளம் ஒன்றும் பெரிய சம்பளமில்லை. ஆனால் அதை வாங்கிக்கொண்டு நீ நடந்த நடை வேறு. உன் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டினார். ஓடினால் உண்டு, ஓடாவிட்டால் இல்லை. வீட்டில் நிலையாக வந்தது உன் காசுதான். அதனால் உன் கொழுந்தன் வீட்டு விசேஷத்துக்கும் உன்னைக் கேட்டுத்தான் நாள் குறித்தார்கள். "அண்ணி என்ன சொல்லுதாகன்னு கேளு" என்று ஆள் அனுப்புவார்களே, அதில் உனக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். வெளியே மட்டும் சலித்துக்கொள்வாய். "எல்லாத்துக்கும் என் தலையவே உருட்டுதாக" என்பாய்.

பிறகு புது மெஷின் வந்தது. நூல் அறுந்தால் அதுவே முடிச்சுப் போட்டுக்கொள்ளும் மெஷின். அதைப் பார்த்துக்கொள்ள விடுதியில் தங்கி வேலை பார்க்கும் சின்னப் பிள்ளைகள் வந்தார்கள். வெளியூர்ப் பிள்ளைகள், வடக்கே இருந்தும் வந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நாமும் அந்த வயதில் அப்படி வந்தவர்கள்தானே. நாற்பது தாண்டிய உள்ளூர்ப் பெண்களை அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சண்டையில்லை, சத்தமில்லை. மேனேஜர் நம்மை வரிசையாக நிற்க வைத்து, "இம்புட்டு நாள் உழைச்சிட்டீங்க, இனி வீட்ல ரெஸ்ட் எடுங்கம்மா" என்று ஆளுக்கு ஒரு பால்கோவா பெட்டி கொடுத்தார். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு நீ என் காதில் சொன்னாய்: "எங்க ஊர்ச் சரக்கை வாங்கி எனக்கே குடுக்கான் பாருட்டி." அன்றைக்கு நீ கடைசியாகப் பேசிய பகடி அதுதான். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

ஆண்களுக்கு வேலை போனால் ஊர் பதறும். டீக்கடையில் பேசுவார்கள், கொடி பிடிப்பார்கள், பாவம் குடும்பம் என்ன பண்ணும் என்பார்கள். நமக்கு வேலை போனபோது வாழ்த்துச் சொன்னார்கள். "நல்லதாப் போச்சு, இனியாவது வீட்ல ராணி மாதிரி இரு" என்று உன் பக்கத்து வீட்டுக்காரி சொன்னதை நானே கேட்டேன். போன வேலையோடு வேறு என்னென்ன போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைச் சொல்லி அழக்கூட நமக்கு வழியில்லாமல் போயிற்று. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களிடம் எப்படி அழுவது?

எனக்குச் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி சுற்றிக் கட்டும் இடத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் பாதி. ஆனாலும் காலையில் கிளம்ப ஓர் இடம் இருந்தது. உனக்கு அதுவும் அமையவில்லை. பால்கோவாக் கடையில் பெட்டி மடிக்கக் கேட்டாய், சின்ன வயசுப் பிள்ளைதான் வேண்டும் என்றார்கள். கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜ் மெஸ்ஸில் கேட்டாய், ஆள் இருக்கிறது என்றார்கள். நான் என் முதலாளியிடம் உனக்காகச் சொல்லிவைத்தேன். ஆர்டர் வரட்டும், வரட்டும் என்றே நாள் போயிற்று. இதற்குள் வீட்டில் உனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. சும்மா இருப்பவள். சும்மாதானே இருக்க, அத்தையைப் பார்த்துக்கோ. சும்மாதானே இருக்க, கொழுந்தன் பிள்ளையையும் பார்த்துக்கோ. கொழுந்தன் வீட்டில் வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டுப் பிறகுதான் உனக்குச் சொன்னார்கள். ஒரு ஜாக்கெட் துணிக்குக்கூட வீட்டுக்காரரிடம் கை நீட்ட வேண்டியிருந்தது. அவர் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீட்டின கை உன்னுடையது, அதுதான் உனக்குத் தாங்கவில்லை.

"மில் பஸ் வார நேரத்துக்கு முழிப்புத் தட்டுதுட்டி. எந்திச்சு உக்காந்தா, எதுக்கு எந்திச்சோம்னு தெரியல" என்று ஒருநாள் போனில் சொன்னாய்.

அதன் பிறகுதான் உனக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. இது நிஜ வலி. சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, ஆள் பாதியாகிவிட்டாய். ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் ஒண்ணுமில்லை என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். நீ என் வீட்டுக்கு வந்தபோது நான் இதே ஓமத் தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "ஏட்டி, எங்கிட்டயுமா? உண்மையச் சொல்லு. வயிறுதானா?" என்று கேட்டேன். நீ ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாய்.

"வயிறும்தான்" என்றாய். பிறகு, "நான் எதுக்கு இருக்கேன்னே தெரியலட்டி" என்றாய்.

மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டேன். "எனக்கென்ன பைத்தியமா? வேலை குடுக்க டாக்டர் இருந்தாச் சொல்லு, வாரேன்" என்று சிரித்தாய். உன் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கும் பயம்தான். ஆனால் உன் கொழுந்தன், அந்த டாக்டரிடம் போனால் நாளைக்குப் பிள்ளையை யார் கட்டுவார்கள் என்றார். ஆடி முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். ஆடி முடிந்தது. ஆவணியில் நீ போய்விட்டாய். உன் உயிரை நீயே முடித்துக்கொண்டாய் என்று போனில் கேட்டபோது, பேண்டேஜ் துணிக் கட்டுகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தூக்கிவிட நாலு பேர் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரர் வந்து கேட்டார். அழுகையை விட அதுதான் எனக்கு மறக்கவில்லை. உன் கொழுந்தன் உன் வீட்டுக்காரரைத் தோளோடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, வயித்து வலின்னு சொல்லிரு. தாங்க முடியாம இப்படிப் பண்ணிட்டாள்னு சொல்லு. ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இருக்கு. பொம்பளப் பிள்ளை இருக்கு வீட்ல, நாளைக்கு ஒரு சம்பந்தம் வரணும்."

உன் வீட்டுக்காரர் அப்படியே சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்தார். நான் போலீஸ்காரர் முன்னால் போய் நின்றேன்.

"சார், வயித்து வலி இல்ல சார். இவளுக்கு வேலை போச்சு. அதுல இருந்துதான் சார் எல்லாம்" என்றேன்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் அவர்.

"கூட வேலை பாத்தவ."

"சொந்தக்காரங்க பேசட்டும்மா" என்றார். கெட்ட மனிதர் இல்லை, எழுதி முடித்துவிட்டு எனக்குத் தண்ணீர்கூட வாங்கித் தந்தார். ஆனால் ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்த உறவு அங்கே ஓர் உறவாக இல்லை. மறுநாள் பேப்பரின் ஒரு மூலையில் மூன்று வரியில் நீ இருந்தாய். தீராத வயிற்று வலி என்று போட்டிருந்தது.

அன்றிலிருந்து அந்த மூலைச் செய்திகளை நான் விடாமல் படிக்கிறேன். நம் பக்கத்தில் அந்த வார்த்தை எத்தனை முறை வருகிறது தெரியுமா? ஆலங்குளம் பக்கம் மானாவாரிக் காட்டில் மழை பொய்த்த வருடம் விவசாயிகளுக்கு வயிறு வலித்தது. மில்லில் ஆள் குறைத்த வருடம் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வலித்தது. பரீட்சை முடிவு வரும் மாதத்தில் பிள்ளைகளுக்கு வலிக்கிறது. மழைக்கும் மில்லுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கோ உட்கார்ந்து கணக்கெடுப்பவர்கள் உன்னை நோயில் போனவர்கள் பக்கத்தில்தான் சேர்த்திருப்பார்கள். புது மெஷின் அந்தக் கணக்கில் வராது. பால்கோவா பெட்டியும் வராது. வராத ஒன்றை யார் வந்து சரி செய்வார்கள்? எனக்கு இதில் துக்கத்தை விடக் கோபம்தான் அதிகம். நாம் லீவுக்காகச் சொன்ன வார்த்தையை எடுத்து உன் மேல் போட்டு மூடிவிட்டார்களே என்று கோபம்.

கோதைக்கும் அதையே சொன்னார்கள். அப்போது அவள் ஊரில் இல்லை, காலேஜ் விடுதியில் இருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் எல்லோரும் பேசிவைத்து ஒரே கதையாக்கிவிட்டார்கள். நோய் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டாய் என்று அவளிடம் சொன்னார்கள். பேப்பரை ஒளித்துவிட்டார்கள். "படிப்பு முடியட்டும்மா, பொறவு நானே சொல்லுதேன்" என்றார் உன் வீட்டுக்காரர். படிப்பு முடிந்தது. ராஜபாளையத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலைக்கும் சேர்ந்தாள். அவர் சொல்லவில்லை.

இந்தச் சித்திரையில் ஒருநாள் ஆபீஸ் முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "சித்தி, வயிறு வலிக்கு" என்றாள். நான் ஓமத் தண்ணி பாட்டிலைத் திறந்தேன். டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று கேட்டாள்.

"சித்தி, அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சதா?"

கையில் இருந்த டம்ளரை மேடையில் வைத்துவிட்டேன். உட்கார வைத்துக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. பல மாதமாக வலியாம். யாருக்கும் தெரியாமல் மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்திருக்கிறாள். ஒன்றுமில்லை என்று சொன்னதும் இன்னும் பயந்திருக்கிறாள், உனக்கும் அப்படித்தானே சொன்னார்கள். அம்மாவை அப்போதே மதுரைக்குக் கூட்டிப் போயிருந்தால் பிழைத்திருப்பாள், நான் விடுதியில் ஜாலியாக இருந்துவிட்டேன் என்று ராத்திரியெல்லாம் அழுகிறாளாம். சாத்தூரிலிருந்து வந்த நல்ல சம்பந்தத்தை வேண்டாமென்று சொன்னது அவள்தானாம். "எனக்கும் அம்மா நோய் இருக்கு சித்தி. தெரிஞ்சே ஒருத்தர் தலையில எதுக்கு என்னைக் கட்டணும்?" என்றாள்.

பார்த்தாயா? அவள் கல்யாணத்துக்காகச் சொன்ன பொய்தான் அவளைக் கல்யாணம் வேண்டாமென்று சொல்ல வைத்தது.

அவளைப் படுக்க வைத்துவிட்டு வாசலுக்கு வந்து உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "இனிமேச் சொல்லாம இருக்கக் கூடாதுண்ணே. பிள்ளை கரையுது" என்றேன். "நீயே சொல்லிரும்மா. எனக்கு வாய் வராது" என்றார். அழுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் கேட்டது அப்போதுதான்.

சொன்னேன். மில்லில் நீ பேசிய பகடியிலிருந்து ஆரம்பித்து, தேர் நாள் வயித்து வலி, பால்கோவா பெட்டி, மெஸ்ஸில் வேலை கேட்டது, வளைகாப்பு, ஆஸ்பத்திரி வராந்தா என்று எல்லாம் சொன்னேன். நீ எப்படிப் போனாய் என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவள் கத்தவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். கடைசியில், "அப்போ அம்மாவுக்கு வயித்துல ஒண்ணுமே இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். "நான் மதுரைக்குக் கூட்டிப் போயிருந்தாலும்?" என்றாள். "வயித்துக்கு மதுரையில மருந்து இருந்திருக்காதும்மா" என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். என் மடியில் படுத்து, உன்னைப் போலவே சத்தமில்லாமல் அழுதாள்.

மறுவாரம் அவளை அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். உன்னைக் கூட்டிப் போக முடியாத அதே அறைக்கு. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "யாரும் ஒரே ஒரு காரணத்தால இப்படிப் போறதில்ல. பல பாரம் சேர்ந்து அழுத்தும். மருந்து இறக்கி வைக்கிற பாரமும் இருக்கு, கூட இருக்கிறவங்க இறக்கி வைக்கிற பாரமும் இருக்கு. ஊர் சேர்ந்து இறக்க வேண்டியதும் இருக்கு" என்றார். கோதையிடம், "உங்கம்மாவுக்கு வந்தது உனக்கும் வந்தே தீரும்னு எதுவும் கிடையாது. வந்தாலும் வழி இருக்கு, இங்க வா" என்றார். உனக்கு இதைச் சொல்ல ஓர் ஆள் இருந்திருக்கலாம். அந்த நினைப்பு என்னை விடவே விடாது.

கோதை மாதம் ஒருமுறை அவரிடம் போகிறாள். வலி அடியோடு போகவில்லை, குறைந்திருக்கிறது. இப்போது என் பேண்டேஜ் கூடத்தில் யாராவது வயிறு வலிக்கிறது என்று சுருண்டு உட்கார்ந்தால், நான் பக்கத்தில் உட்கார்ந்து, "வயிறா, வேறயா?" என்று கேட்கிறேன். பாதிப் பேர் வயிறுதான் என்று சிரிக்கிறார்கள். மீதிப் பேர் பேச ஆரம்பிக்கிறார்கள். ஓர் ஆளோடு டாக்டரம்மா அறை வரைக்கும் போனேன். எனக்குப் பைத்தியத்துக்குத் தூது போறவ என்று பட்டப்பெயர்கூட வைத்தாயிற்று. வைத்துக்கொள்ளட்டும். உன் பகடிக்கு முன்னால் அதெல்லாம் எந்த மூலைக்கு?

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கையில் மத்தியானம் கோதை போன் செய்தாள். பெரிய மாரியம்மன் கோவில் பக்கம் நிற்கிறேன், வீட்டுக்கு வாரேன் என்றாள். இந்நேரம் ஆபீசில் அல்லவா இருக்க வேண்டும் என்று, "லீவுக்கு என்னட்டி சொன்ன?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், அது உன் கேள்வி என்று உறைத்தது.

"நெசத்தைச் சொன்னேன் சித்தி. எங்கம்மா தன்னோட உயிரைத் தானே முடிச்சுக்கிட்டாங்க, இன்னிக்கு அவங்க நாள்னு சொன்னேன். ஆடிட்டர் சார் பேனாவைக் கீழ வச்சிட்டு எந்திச்சு நின்னுட்டார். பொறவு, 'எங்க அண்ணனும் அப்படித்தாம்மா, நாங்க இன்னும் வயித்து வலின்னுதான் சொல்லிட்டிருக்கோம்'னு சொன்னார்."

பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டாள். ஓமத் தண்ணி வாடை இன்னும் இருக்கிறது. ஜன்னலோரமாக அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு, அதில் என் பையை வைத்திருக்கிறேன்.